மரம் எண் இருபத்தேழு

கல்லால மரத்தின் நிழலில் தென்திசை நோக்கி அமர்ந்து, வாய் திறவாமலே நான்கு முனிவர்க்கு மறைகளின் முடிபை உணர்த்திய பெருமான், கூரையும் கதவும் வாயிற்படியும் இல்லாத அந்த இருக்கையில் இருந்துகொண்டே உலகனைத்துக்கும் கூரையாகி நிற்கின்ற பெருமான், இந்தக் கதைக்கு முன்னே வந்து அமர்வானாக. அவன் திருவடி நிழலுக்கு வெளியே வெயில் மிகுதி. அந்த வெயிலில் நின்ற ஒருத்தியின் கதை இது.

திருச்செறுவாய் என்பது நான்கு தேர்வீதிகளும் ஒரு பேரூராட்சி அலுவலகமும் கொண்ட ஊர். அங்கே கோயில் கொண்டிருப்பவர் ஆலடியீசர். ஆண்டுதோறும் வைகாசி விசாகத்துக்கு முதல்நாள், கத்திரி வெயில் தணியாத நாளில், அவர் நாற்பத்திரண்டு அடி உயரத் தேரில் ஏறி நான்கு வீதியும் வலம் வருவார். அந்த ஊரில், ஒரு கடையின் பெயர்ப்பலகை தெருவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இரண்டு புங்க மரங்கள் இடுப்பளவில் அறுபட்டுக் கிடந்த ஆண்டில், செயல் அலுவலராக வந்து சேர்ந்தார் மங்கையர்க்கரசி. அறுபட்ட அடிமரங்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்ற அவர், அன்று பிற்பகலே மரப் பராமரிப்புக்கென்று விதிகள் எழுத உட்கார்ந்தார் என்றும், எழுதி முடிக்கும்வரை மதிய உணவை மறந்திருந்தார் என்றும் அலுவலகத்தார் சொல்வார்கள்.

அந்த விதிகளின்படி, வீதியில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதப்பட்டது; மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். மணிக்கட்டைவிடப் பருத்த எந்தக் கிளையையும் அனுமதியின்றித் தொடக்கூடாது. வெட்டுவதென்றால் மரத்தில் ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் அறிவிப்பைக் கட்டி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் யார் வந்து ஆட்சேபித்தாலும் செயல் அலுவலர் நேரில் கேட்டு, விடை சொல்லி, அதன் பிறகே உத்தரவில் ஒப்பமிட வேண்டும். உரிமம் பெற்றவர் மட்டுமே மரமேறி அறுக்க வேண்டும். அறுத்த கிளையை அன்றைக்கே தரையிறக்க வேண்டும். இவ்வளவையும் எழுதிய கை தெய்வத்துக்கு அஞ்சிய கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆட்சேபணைப் படிவத்தில் பெயர், தெரு, கதவு எண் என்று மூன்று கட்டங்களை அந்தக் கை வரைந்தபோது, கதவே இல்லாதவர்கள் அதன் நினைவுக்கு வரவில்லை.

தெற்குத் தேர்வீதியில் கோயில் மதிலுக்கும் மின்மாற்றிக்கும் நடுவில், எவர் வீட்டு வாசலுக்கும் முன்னால் இல்லாத பத்தடி இடத்தில் நின்றது மரம் எண் இருபத்தேழு. அது தூங்குமூஞ்சி மரம். அந்தி கவியத் தொடங்கும்போது இலைகளைக் கை குவிப்பதுபோல் மடித்துக்கொண்டு, விடியலில் விரித்துக்கொள்வது. அதன் தென்கிளை வீதிக்குக் குறுக்கே நீண்டு, நண்பகலிலும் வண்டிச்சக்கரம் அளவுக்குக்கூட வெயில் விழாத நிழலைத் தந்தது. அந்த நிழலில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தேய்ப்பு வண்டி வைத்திருந்தாள் செங்கமலம். கணவன் இறந்த மாதத்தில் அவனுடைய வண்டியையும் கரிப்பெட்டியையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டவள். மேலவீதியில் நின்றபோது வீட்டுக்காரர்கள் வாசலை மறைக்கிறாள் என்றார்கள். கீழவீதியில் கல்மண்டபத்தின் ஓரம் நின்றபோது கரிப்புகை படிகிறது என்றார்கள். எவரும் ஒன்றும் சொல்லாத இடமாக அந்த ஊர் முழுவதிலும் அவளுக்குக் கிடைத்தது அந்தப் பத்தடி நிழல்தான். கொதிக்கும் கரிப்பெட்டியைக் கையில் பிடித்து நாளெல்லாம் நிற்பவளுக்குத் தலைக்கு மேலும் ஒரு நெருப்பு இருக்குமானால் தொழில் இல்லை, சோறில்லை. தெற்குவீதிச் சட்டைகளும், செயல் அலுவலர் உடுத்தும் கஞ்சி போட்ட புடவைகளும், தேர்வடம் பிடிப்போரின் வேட்டிகளும் அவள் கையில்தான் மடிப்புப் பெற்றன.

அந்த ஆண்டு வைகாசியில் தேரின் கலசம், வளர்ந்து தழைத்துவிட்ட தென்கிளையில் இடிக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார் தேர்க்கமிட்டித் தலைவர் அருணகிரி. அறிவிப்பு தென்னங்கயிற்றால் கட்டப்பட்டது. செங்கமலம் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். மூன்றாம் நாள் வண்டியின் மீது சாக்கைப் போர்த்திவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். படிவம் வாங்கி, நின்றபடியே நிரப்பி, இளநிலை உதவியாளர் தணிகாசலத்திடம் நீட்டினாள். அவன் அவளிடமே சட்டை தேய்க்கக் கொடுப்பவன், நல்லவன், வேலையை ஒத்திப்போடும் ஒரு குறை மட்டும் உள்ளவன்.

“என்னக்கா இது, கதவு எண்ணுன்னு கேட்டிருக்கு, நீங்க மரம் இருபத்தேழுன்னு போட்டிருக்கீங்க?”

“எனக்குக் கதவு எங்க இருக்கு தம்பி? அங்கதானே நிக்கிறேன்.”

“நிக்கிற இடத்தைக் கேக்கல. வீட்டைக் கேக்குது.”

“வீடு ஆத்துக்கு அந்தாண்ட. அது வேற ஊராட்சி.”

“அப்ப நீங்க இந்த ஊரே இல்லியேக்கா!”

“உங்க சட்டையெல்லாம் இந்த ஊர்தானே தம்பி?”

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தான். கட்டத்தில் எண் இல்லாத படிவத்தைப் பதிவேட்டில் ஏற்ற இயலாது. வாங்காமல் திருப்பி அனுப்பவும் அவனுக்கு மனமில்லை. “குடுத்துட்டுப் போங்க, மேடத்துக்கிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்று அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று செயல் அலுவலர் மாவட்டத் தலைநகருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் தணிகாசலம் வேறு சட்டை உடுத்தி வந்தான்.

அவன் மனைவி சட்டையை ஊறவைக்கும் முன் பையைத் துழாவிக் காகிதத்தை எடுத்தாள். தேய்ப்புக்குப் போகும் மூட்டையோடு எத்தனை உருப்படி என்று எழுதிய சீட்டு ஒன்று போவது அந்த வீட்டு வழக்கம். அந்தச் சீட்டு இதுதான் என்று நினைத்து, பிரித்துப் பாராமல், உலர்ந்த துணிகளின் மேல் செருகி மூட்டை கட்டினாள். இவ்வாறு செங்கமலத்தின் ஆட்சேபணை, நான்காக மடிந்தபடி, ஆறாம் நாள் காலை செங்கமலத்தின் வண்டிக்கே வந்து சேர்ந்தது.

அவள் அதைப் பிரித்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். கரிப்பெட்டியின் சூட்டை உள்ளங்கையருகே வைத்துப் பதம் பார்த்து, ஈரத்துணியை மேலே விரித்து, அந்தக் காகிதத்தின் நான்கு மடிப்புகளும் மறையும்வரை மெல்லத் தேய்த்தாள். பிறகு தணிகாசலம் தேருக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மடிக்கும்போது அதன் உள்மடிப்பில் வைத்து அனுப்பினாள். எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை அலமாரிக்குள் போயிற்று. திருநாள் வரும்வரை அதற்கு வேலையில்லை.

எட்டாம் நாள் வந்தது. “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை” என்று தட்டெழுதப்பட்ட உத்தரவில், பதிவேட்டைப் பார்த்துவிட்டு மங்கையர்க்கரசி ஒப்பமிட்டார். உரிமம் பெற்ற மரமேறி சன்னாசி, ரம்பமும் வடமும் கொண்டு மரத்தடிக்கு வந்தான். அவன் அறுக்கும் முன் மரத்தோடு பேசுகிறவன். உள்ளங்கையைப் பட்டையில் வைத்து, எதை அறுக்கப் போகிறேன், எதற்காக, யாரைக் கேட்டுக்கொண்டு என்று மூன்றையும் சொல்லாமல் அவன் ஏறமாட்டான்.

“ஒருத்தரும் வேணாம்னு சொல்லலியே தம்பி?” என்று தணிகாசலத்தைக் கேட்டான்.

“பதிவேட்டுல ஒண்ணும் இல்ல. ஏறுங்க” என்றான் தணிகாசலம். படிவத்தை அவன் அந்நேரம் அறவே மறந்திருந்தான்.

சன்னாசி பட்டையில் கை வைத்தான். “ஆலடியீசருக்கு வழி விடணும். தென்கிளையை எடுக்கறேன். ஏழு நாள் சொல்லியாச்சு. இங்க இருக்கிறவங்க எல்லாரையும் கேட்டாச்சு” என்றான். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி நின்ற செங்கமலம் அதைக் கேட்டாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். அவன் ஏறி, தாய்மரம் நோகாதபடி, கிளை மரத்தோடு சேரும் கழுத்தை விட்டுத் தள்ளி அறுத்தான். முக்கால் நாழிகையில் ரம்பம் மறுபக்கம் வந்தது. கிளை விழவில்லை.

அறுபட்ட கிளை தான் இருந்த உயரத்திலேயே, இருந்த திசையிலேயே, மரத்துக்கும் தனக்கும் நடுவே நான்கு விரற்கடை வெளியை விட்டு, ஒன்றையும் பற்றாமல் நின்றது. வடத்தைத் தளர்த்தினார்கள், நின்றது. வடத்தை அவிழ்த்தார்கள்; நின்றது. சன்னாசி அந்த வெளியில் தன் கையை நுழைத்து அந்தப்புறம் எடுத்து, ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். அன்று மாலை மரம் இலைகளைக் குவித்தபோது, மரத்தோடு ஒட்டில்லாத அந்தக் கிளையும் அதே வேளையில் குவித்துக்கொண்டது. விடியலில் இரண்டும் விரித்தன.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. முதல் நாள் தெற்குவீதி முழுவதும் கூட்டம் நின்றது. இரண்டாம் நாள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். மூன்றாம் நாள் பால்காரர்கள் வழக்கம்போல அந்த நிழலில் மிதிவண்டிகளைச் சாய்த்தார்கள். மகப்பேறு வேண்டியவர்கள் அந்த நான்கு விரற்கடை வெளியில் நீண்ட கழியால் மஞ்சள் நூலை நுழைத்து இந்தப்பக்கம் வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். மின்வாரியத்தார் வந்து, மரத்தின் பகுதியானால் தாங்கள் அகற்றலாம், இது எதன் பகுதியும் இல்லையே என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். துப்புரவுப் பிரிவினர், தரையில் கிடந்தால்தான் அது குப்பை, நடு ஆகாயத்தில் பச்சையாக நிற்பதைக் குப்பை என்று எப்படி வண்டியில் ஏற்றுவது என்று கேட்டார்கள். எண் இல்லாத மரப்பொருள் எதுவும் வீதியில் இருக்கக்கூடாது என்பது விதியாகையால், பிரிந்த வீடுகளுக்குக் கொடுப்பதுபோல, கிளைக்கு இருபத்தேழு-அ என்று எண் கொடுக்கப்பட்டது. சன்னாசியே ஏணி வைத்து வெள்ளை வண்ணத்தில் அதை எழுதினான். தூரிகை பட்டபோது கிளை கூச்சப்பட்டதுபோல் இலேசாக அசைந்தது. காகம் வந்து அமர்ந்தால் தாழ்ந்து கொடுத்தது. ஆனால் தேர்க்கமிட்டியார் இருபது பேர் வடம் போட்டு இழுத்தபோதும், பளுதூக்கி எந்திரம் கொக்கி மாட்டித் தூக்கியபோதும், மலையைப் பற்றியதுபோல் ஒரு மயிரிழையும் நகரவில்லை.

கோயிலில் அதற்குத் தீபம் காட்டலாமா என்று கேட்டவர்களுக்கு அர்ச்சகர், “அது எதுக்காகவோ காத்துண்டிருக்கு. காத்திருக்கிறவாளுக்கு தீபம் காட்டி என்ன, என்ன வேணும்னு கேக்கணும்” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள், எவரும் கேட்கவில்லை.

செங்கமலம் மட்டும் ஒரு நாளும் வேலையை நிறுத்தவில்லை. ஒட்டில்லாத கிளையின் நிழல் ஒட்டிய கிளையின் நிழலைப்போலவே குளிர்ந்திருந்தது.

“தலை மேல தொங்குதே, பயமா இல்லியா?” என்று கேட்டார்கள் துணி கொண்டுவந்தவர்கள்.

“பத்தொம்பது வருசமா மேலதானே இருக்கு. இப்ப மட்டும் என்ன பயம்? உங்க பாவாடை நாடா உள்ள போயிருச்சு, எடுத்துட்டுக் குடுங்க.”

பதினைந்து நாள் இவ்வாறு சென்றது. கொடியேறி, வாகனங்கள் ஒவ்வொன்றாய் எழுந்தருளின. தேருக்கு இரண்டு நாள் இருக்கையில் அருணகிரி அலுவலகத்துக்கு வந்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் குரல் கேட்காத கல்யாணம் இல்லை.

“மேடம், தேர் நின்னா ஊருக்கு ஆகாது. என் காலத்துல நின்னுதுன்னு பேர் வந்தா நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியாது. அறுத்தவனைப் புடிச்சுக் கேளுங்க. அவன்தான் ஏதோ வாயில முணுமுணுத்துட்டு ஏறுனான்.”

அறுத்த கிளையை அன்றே தரையிறக்கவில்லை என்பது விதிமீறல். உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்டுச் சன்னாசிக்கு ஓலை அனுப்ப வேண்டியிருந்தது. மங்கையர்க்கரசி அதில் ஒப்பமிட்டபோது பேனா இருமுறை நின்றது. சன்னாசி அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தான்.

“அம்மா, நான் அறுத்துட்டேன். அது விடல. முப்பது வருசத்துல நான் மரத்துக்கிட்ட சொன்ன பேச்சு ஒண்ணும் பொய்யானதில்ல. இந்தத் தடவை எங்கிட்ட யாரோ பொய்யைக் குடுத்து சொல்ல வச்சிருக்காங்க. அது எதுன்னு பாருங்க. அப்பறம் என் சீட்டைக் கிழிக்கறதுன்னாலும் கிழிங்க.”

அவர் அன்று முழுவதும் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு கட்டிய நாள் சரி, கயிறு தென்னங்கயிறு, ஏழு நாள் முழுநாள், பதிவேடு வெறுமை. தாம் வகுத்த விதியில் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை என்றே ஒவ்வொரு தாளும் சொல்லிற்று.

தேருக்கு முந்தின நாள் காலை, பிட்சாடனர் அலங்காரம் பார்க்கப் புறப்பட்ட தணிகாசலம் அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை உதறினான். ஒரு காகிதம் நழுவித் தரையில் விழுந்தது. நான்காக மடித்த காகிதம் என்று அவன் நினைவில் இருந்தது, ஒரு மடிப்பும் இல்லாமல், பிறந்த அன்று போல் கிடந்தது. அதை அப்படித் தேய்த்திருக்கக்கூடிய கை ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியும். கோயிலுக்குப் போகாமல், பொத்தான் போடாத சட்டையோடு அவன் செயல் அலுவலரின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“மேடம், வந்திருந்துச்சு. ஆட்சேபணை வந்திருந்துச்சு. நான்தான் பதியல. கதவு எண் இல்லைன்னு…” காகிதத்தை இரு கையாலும் நீட்டினான்.

மங்கையர்க்கரசி காகிதத்தை வாங்கிப் படித்தார். உடுத்தியிருந்த புடவையின் கொசுவத்தைக் குனிந்து பார்த்தார், கத்திமுனைபோல் நின்றது. “அந்த அம்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லட்டுமா?” என்று தணிகாசலம் கேட்டான்.

“அவங்க ஒரு தடவை வந்துட்டாங்க. இப்ப நாமதான் போகணும்.”

பிற்பகல் நான்கு மணிக்கு மரம் எண் இருபத்தேழின் அடியில் விசாரணை கூடியது. அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அவர் அதில் உட்காரவில்லை. சன்னாசி வடத்தோடு நின்றான். அருணகிரி கைகட்டி நின்றார். தெற்குவீதி வாசல்களெல்லாம் நிறைந்தன. செங்கமலம் கரிப்பெட்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். மங்கையர்க்கரசி உரத்துப் படித்தார்:

“பெயர் செங்கமலம். தெரு தெற்குவீதி. கதவு எண், மரம் இருபத்தேழு. ஐயா, கிளையை வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர் வரவேண்டும். வெட்டினால் நான் எங்கே நிற்பது என்று சொல்லிவிட்டு வெட்டவும்.”

ஒற்றைக் கேள்வி, அதற்கு விடை சொல்லாமலே பதினாறு நாள் வடம் போட்டு இழுத்திருந்தார்கள்.

“இதுதானா?” என்றார் அருணகிரி. “ஒரு தேய்ப்பு வண்டிக்காகவா இவ்வளவு? ஏம்மா, கீழவீதி மண்டபத்து ஓரமா நின்னுக்கயேன்.”

“அங்க கரிப்புகை ஆகாதுன்னு என்னை வெரட்டுனது யாருங்கய்யா? நீங்கதானே.”

அருணகிரி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். தகரக்கொட்டகை ஒன்று போட்டுத் தரலாம் என்றார் மங்கையர்க்கரசி.

“தகரத்துக்கு அடியில, கையில கரிப்பெட்டியோட, உச்சி வெயில்ல ஒரு நாள் நின்னு பாத்துட்டு சொல்லுங்கம்மா” என்றாள் செங்கமலம். அவள் குரலில் கோபமில்லை. மேலே கிளை அசையாமல் இருந்தது.

செயல் அலுவலர் வீதியோரத்து மரங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பிறகு சன்னாசியின் பக்கம் திரும்பி, “இந்த வீதியில இதுக்குச் சமமா நிழல் எந்த மரத்துல இருக்கு?” என்று கேட்டார்.

சன்னாசி தயங்கினான். “சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. திருப்பத்துல, நம்ம ஆபீஸ் வாசல்ல நிக்குதே, ஒண்ணாம் நம்பர் வேம்பு. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் வெயில் இறங்காது. ஆனா அதுக்கு அடியில உங்க ஜீப்பு நிக்குது.”

கூட்டத்தில் எவரோ சிரிப்பை அடக்கிய ஓசை கேட்டது. மங்கையர்க்கரசி மட்டும், தம் பெயரைப் பிறர் அழைக்கக் கேட்டவர்போல் நிமிர்ந்தார். விதிகளை எழுதிய நாளில் மரங்களுக்கு எண்ணிடத் தொடங்கியது அந்த வேம்பிலிருந்துதான். அதன் நிழலை அன்றுமுதல் ஓர் இரும்பு வண்டிக்குக் கொடுத்து வைத்திருந்தார்.

“ஜீப் வெயில்ல நிக்கட்டும்” என்றார். “செங்கமலம் அம்மா, ஒண்ணாம் நம்பர் மரத்தடி உங்களுக்கு. தீர்மானமா எழுதித் தரேன்.”

“அங்கயும் ஒரு நாள் வெட்ட வருவீங்களே?”

“வந்தா, முதல்ல உங்களைக் கேப்போம்.”

“என்ன விலாசத்துக்கு வந்து கேப்பீங்க?”

“மரம் எண் ஒன்று.”

சொன்னவர் அங்கேயே, தேய்ப்பு வண்டியின் பலகைமேல் கோப்பை வைத்து, ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்ற வரியைத் தம் கையாலேயே அடித்தார். அதன் கீழ், ‘வந்தது, கேட்கப்படாமல் வெட்டப்பட்டது, இன்று கேட்கப்பட்டது, பிழை என்னுடையது’ என்று எழுதி ஒப்பமிட்டார். சன்னாசிக்கு அனுப்பிய ஓலையைத் திரும்பப் பெற்றார். படிவத்தில் கதவு எண் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அல்லது மரம் எண்’ என்று சேர்த்தார். தணிகாசலம் மை ஒற்றிக் கொடுத்தான். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் அந்தத் தாளில் விழுந்தது.

செங்கமலம் அண்ணாந்து பார்த்தாள். பத்தொன்பது ஆண்டு நிழலை ஒரு மூச்சில் பார்த்து முடிக்க இயலுமா என்ன? பார்த்தவரை போதும் என்பதுபோல் தலையைத் தாழ்த்தி, வண்டியின் சக்கரத்திலிருந்து கல்லை எடுத்தாள். “சரிண்ணே. எறக்கிக்குங்க” என்றாள்.

சன்னாசி மீண்டும் பட்டையில் கை வைத்தான். “அன்னைக்கு நான் சொன்னதுல ஒண்ணு உண்மையில்ல. ஒருத்தரைக் கேக்கல. இப்ப கேட்டாச்சு. அவங்க சரின்னுட்டாங்க” என்றான்.

கிளை இறங்கியது. ஏரியில் நீர் வற்றுகிற நிதானத்தில், அந்தியின் ஒளி ஒரு படி ஒரு படியாகக் குறைவதற்கு இணையாக, தான் நிழலிட்ட இடத்தின்மீதே அது தாழ்ந்துகொண்டு வந்தது. வண்டியைச் செங்கமலம் தள்ளினாள். ஏற்றமான இடத்தில் செயல் அலுவலரும் ஒரு கை கொடுத்தார். கிளை தலைமட்டத்துக்கு வந்தபோது இலைகள் குவியும் வேளை வந்தது. மேலே மரம் குவித்தது. கீழே கிளையும் குவித்துக்கொண்டு, குவித்தபடியே, ஓர் இலையும் நசுங்காமல் தரையைத் தொட்டது. நூல் கட்டிக்கொண்ட பெண்கள் குலவையிட வாயெடுத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் மரம் இலைகளை விரித்தது. கிளை விரிக்கவில்லை.

அன்று தேர் வந்தது. மேளமும் சங்கும் முன்னே செல்ல, தெற்குவீதியில் கலசம் ஓர் இலையையும் தீண்டாமல், கிளை இருந்த வெளியின் வழியே அசைந்து அசைந்து கடந்தது. அந்த வீதியில் ஒரு வழக்கம் உண்டு: கமிட்டித் தலைவர் கதவு எண் வரிசையில் வீடுகளைப் படிப்பார், படிக்கப்படும் வாசலில் முட்டுக்கட்டை போட்டுத் தேர் நிற்கும், அந்த வீட்டார் தட்டு நீட்டுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் செங்கமலத்தின் பெயர் படிக்கப்பட்டதில்லை. அவள் தேய்த்த வேட்டிகள் வடம் பிடிப்பதைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அருணகிரி படித்துக்கொண்டே வந்தார். கடைசி வீட்டையும் கடந்து தேர் திருப்பத்துக்கு வந்தபோது, பட்டியலின் அடியில், தணிகாசலத்தின் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், வேம்பின் அடியில் வண்டியோரம், தேங்காயும் பழமும் வைத்த பித்தளைத் தட்டோடு, நீட்டலாமா கூடாதா என்று அறியாமல் நின்றவளைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு கல்யாண வீடுகளில் ஒலிக்கும் அந்தக் குரல் நான்கு வீதிக்கும் கேட்கும்படி முழங்கியது:

“மரம் எண் ஒன்று! செங்கமலம்!”

முட்டுக்கட்டை விழுந்தது. நாற்பத்திரண்டு அடித் தேர் அந்த நிழலுக்கு எதிரே நின்றது. அர்ச்சகர் குனிந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

“யார் பேருக்கு அம்மா? நட்சத்திரம் சொல்லு.”

“எனக்கு வேணாம் சாமி. இருபத்தேழாம் நம்பர் மரத்துக்கு. நட்சத்திரம் தெரியாது.”

அர்ச்சகர் கற்பூரத்தைத் தட்டில் எடுத்து வைத்தார். “அதனால என்ன? நட்சத்திரமும் இருபத்தேழுதான். எல்லாத்துக்கும் சேத்தே சொல்லிடறேன். அது பொறந்தது அதுல ஒண்ணுலதானே இருக்கணும்” என்று சொல்லித் திரும்பி, அசுவினி தொடங்கி ரேவதி ஈறாக ஒன்றும் விடாமல் சொல்லி, ஆலடியீசருக்குக் கற்பூரம் காட்டினார். சொல்லி முடியும்வரை தேர் நின்றது. வடம் பிடித்தவர்களில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இதைக் கேட்டவர்க்கும், கேட்கச் சொன்னவர்க்கும், இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கும், அவற்றின் அடியில் நின்று பிழைப்பவர்க்கும், ஆல நிழலில் அமர்ந்தவன் அருள் குறைவிலாது வாய்க்க. உங்கள் பெயர் உரிய இடத்தில் உரக்கப் படிக்கப்படுக. வெயிலேறும் வேளையில் உங்கள் தலைக்கு மேல் ஒரு கிளை இருக்க. அதை எடுக்க எவரேனும் வரும் நாளில், உங்களை முதலில் கேட்டுவிட்டு வருவாராக.